போனவர்கள் 4 லட்சம்! திரும்பியவர்கள் 10 ஆயிரம்!

1812-ம் ஆண்டு ஜூன் மாதம். பிரான்சு நாட்டுச் சக்கரவர்த்தி நெப்போலியன், ரஷியா மீது படை எடுத்தான்.

நேமன் ஆற்றைக் கடந்தபோது படையில் இருந்தவர்கள் 4 லட்சத்து 22 ஆயிரம் பேர்.

செப்டம்பரில் மாஸ்கோ போய்ச் சேர்ந்தவர்கள் 1 லட்சம் பேர்.

டிசம்பரில் அதே நேமன் ஆற்றுக்குத் திரும்பியவர்கள் வெறும் 10 ஆயிரம் பேர்!

இந்தக் கணக்கை ஒரே தாளில் படமாக வரைந்து காட்டினார் ஒருவர். அவர் பெயர் சார்லஸ் ஜோசப் மினார்.

88 வயதில்!

மினார், பிரான்சு நாட்டு என்ஜினீயர். பாலம், சாலை அமைக்கும் அரசாங்க இலாகாவில் வேலை பார்த்தவர். 1851-ல் ஓய்வு பெற்றார். ஆனால் சும்மா இருக்கவில்லை. கணக்குகளைப் படமாக வரைந்துகொண்டே இருந்தார். 1869 நவம்பரில் இந்தப் படத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 88!

ஆள் கணக்கு வேறு. தூரக் கணக்கு வேறு. குளிர்க் கணக்கு வேறு. ஆளை டிகிரியில் எண்ண முடியுமா? குளிரை மைலில் அளக்க முடியுமா? இவற்றை ஒரே படத்தில் எப்படிச் சேர்ப்பது?

மினார் ஒரு வழி கண்டார்.

படை நடந்த பாதையை ஒரு பட்டையாக வரைந்தார். 10 ஆயிரம் பேருக்கு 1 மில்லிமீட்டர் அகலம். புறப்பட்ட இடத்தில் பட்டை 4 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. மாஸ்கோவில் 1 சென்டிமீட்டர். திரும்பி வந்த இடத்தில் 1 மில்லிமீட்டர்!

போன பாதைக்கு இளம் பழுப்பு நிறம். திரும்பிய பாதைக்குக் கறுப்பு.

படத்தின் அடியில் குளிரைக் காட்டும் கோடு. அதற்குத் தனி அளவு. கறுப்புப் பட்டையில் இருந்து மெல்லிய கோடுகள் கீழே இறங்குகின்றன. எந்த இடத்தில் எவ்வளவு குளிர் என்பதை அவை காட்டுகின்றன.

குளிர்தான் கொன்றதா?

நெப்போலியனைத் தோற்கடித்தது ரஷியக் குளிர்தான் என்று பலர் சொல்வார்கள்.

படத்தைப் பாருங்கள். 4 லட்சம் 1 லட்சமாகக் குறைந்தது போகும் வழியிலேயே! அப்போது கோடைக்காலம். சில பிரிவுகள் வழியில் பிரிந்து போயின என்பது உண்மை. ஆனால் பசி, வெயில், டைபஸ் காய்ச்சல், சண்டை ஆகியவற்றுக்குப் பலியானவர்கள் ஏராளம். பலர் படையை விட்டே ஓடிவிட்டார்கள்.

மிஞ்சியவர்களைத்தான் குளிர் பிடித்தது. நவம்பர் 28-ந் தேதி, பெரெசினா ஆற்றங்கரை. ரஷிய பீரங்கிகள் முழங்கின. ஆற்றைக் கடப்பதற்குள் 50 ஆயிரம் பேர் 28 ஆயிரமாகக் குறைந்தார்கள். குளிர்க் கோடு அங்கே காட்டுவது, இன்றைய சென்டிகிரேடு கணக்கில், பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி!

ஆள் கணக்கும் குளிர்க் கணக்கும் தனித்தனியாக இருந்தால் இது புரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் புரிகிறது.

இன்று கம்ப்யூட்டரில் இப்படிப்பட்ட படங்களை நொடியில் வரையலாம். மழையின் அளவை இடது பக்கமும், நெல் மூட்டைக் கணக்கை வலது பக்கமும் குறித்து, இரண்டையும் ஒரே படத்தில் காட்டலாம். ஆனால் எந்தக் கோட்டுக்கு எந்த அளவு என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் படமே ஏமாற்றிவிடும்!

மினாரின் முடிவு

1870-ல் பிரஷியப் படைகள் பாரீஸ் நகரை நெருங்கின. 89 வயது மினார் வீட்டை விட்டு வெளியேறினார். தூரத்தில் உள்ள போர்டோ நகருக்குப் போனார். அக்டோபரில் அங்கேயே இறந்தார்.

போரின் கணக்கை உலகத்துக்குக் காட்டியவரையும் ஒரு போர் துரத்திவிட்டது!