பூஞ்சிட்டும் பெரிய மாடும்: ஆட்டோகிராஸ் கார்களைப் பிரிக்கும் கணக்கு

மதுரை, சிவகங்கை வட்டாரத்தில் நடக்கும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயங்களில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாடுகளின் பருவத்தையும் உடலளவையும் கொண்டு பிரிவுகள் வகுக்கப்பட்டு, ஓட வேண்டிய தூரமும் பிரிவுக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ வைக்கப்படுகிறது. பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிட்டுப் பரிசு கொடுத்தால் ஊர் ஒப்பாது. ஒப்பிடத்தக்கவற்றையே ஒரு வரிசையில் நிறுத்த வேண்டும் என்னும் இதே நியதி கார்களுக்கு வரும்போது சிக்கலாகிவிடுகிறது. மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம், பானெட்டுக்கு அடியில் இருப்பது அவ்வளவு எளிதில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

ஆட்டோகிராஸ் என்பது திறந்த மைதானத்திலோ மண் தரையிலோ ரப்பர் கோன்களை வைத்து அமைத்த, வளைவுகள் மிகுந்த குறுகிய தடத்தில் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டப்படும் பந்தயமாகும். அன்றாடம் அலுவலகத்துக்குப் போய்வரும் காரையே கொண்டுவந்து கலந்துகொள்ளலாம் என்பதால், தொழில்முறைப் பந்தய வீரர் அல்லாதவர்களுக்கு இது ஏற்ற நுழைவாயில். ஆனால் கார் நிறுவனங்களே சாதாரண மாடலின் உடலில் வலுவான இன்ஜினைப் பொருத்தி விற்கும் 'பெர்ஃபார்மன்ஸ்' கார்கள் வந்துசேரும்போது, அவற்றை யாரோடு நிறுத்துவது என்ற வழக்கு எழுகிறது.

பழைய வழி, இன்ஜினின் கன அளவை, அதாவது சிலிண்டர்களின் உள்ளளவை, சிசி கணக்கில் எடுத்துக்கொண்டு பிரிப்பது. எல்லா இன்ஜின்களும் தாமாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் இது ஏறக்குறைய நியாயமாகவே இருந்தது. இந்தியாவில் அந்த நியாயம் குலைந்ததற்கு வரிக் கொள்கையும் ஒரு காரணம் என்பது வேடிக்கையான செய்தி. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் இன்ஜினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டதால், நிறுவனங்கள் அந்த எல்லைக்குள்ளேயே வலுவைத் தேடத் தொடங்கின. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியைச் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் டர்போ அதற்குக் கைகொடுத்தது.

இதன் விளைவை 2017இல் மாருதி சுசுகி வெளியிட்ட பலேனோ ஆர்எஸ் காரில் காணலாம். அப்போதைய சாதாரண பலேனோவின் பெட்ரோல் இன்ஜின் 1,197 சிசி, சுமார் 84 பிஎஸ் திறன், 115 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை. ஆர்எஸ் மாடலின் டர்போ இன்ஜினோ 998 சிசிதான். ஆனால் சுமார் 102 பிஎஸ் திறனும் 150 நியூட்டன் மீட்டர் டார்க்கும் கொண்டது. சிசியை மட்டும் பார்த்துப் பிரித்தால், வேகமான கார் கீழ் வகுப்பிலும் சாதாரணக் கார் மேல் வகுப்பிலும் போய் உட்காரும். இதைத் தடுக்கவே, டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜினின் சிசியை 1.7 ஆல் பெருக்கிக்கொள்ளும் முறையை உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பு கையாண்டு வந்திருக்கிறது. அப்படிப் பெருக்கினால் 998 சிசி ஏறக்குறைய 1,697 சிசியாகிவிடும். 1,497 சிசி இன்ஜினும் 119 பிஎஸ் திறனும் கொண்ட அக்காலத்து ஹோண்டா சிட்டியையும் தாண்டி, தன்னைவிட வலுத்த கார்களுக்கு நடுவே ஆர்எஸ் தள்ளப்படும். பெருக்காவிட்டால் பிறருக்கு அநியாயம், பெருக்கினால் இதற்கு அநியாயம்.

ஆகவே அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்னும் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் வேறு வழியில் போயிற்று. அது சிசியை நம்பாமல், ஒவ்வொரு மாடலையும் பெயர் சொல்லி ஒரு வகுப்பில் வைத்து, போட்டிகளில் அது காட்டும் வேகத்தைப் பார்த்துப் பின்னர் இடம் மாற்றுகிறது. டயரின் பிடிப்புக்கும், செய்துகொள்ளும் மாற்றங்களுக்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டினால் கார் வேறு பிரிவுக்குப் போய்விடும். தெருவில் ஓடும் காருக்கும் பந்தயத்துக்கென்றே திருத்திய காருக்கும் இடையிலான வேறுபாடு, இரு மாடல்களுக்கு இடையிலுள்ளதைக் காட்டிலும் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால் இது தேவையான கண்டிப்பே.

பதினைந்து கார்கள் மட்டுமே வரக்கூடிய மதுரை போன்ற ஊரில் அத்தனை வகுப்புகள் வைத்தால், வந்தவருக்கெல்லாம் முதல் பரிசு கொடுத்து அனுப்புவதாக முடியும். அங்கே பயன்படுவது, அமெரிக்க ஆட்டோகிராஸில் 'பாக்ஸ்' என்று வழங்கும் குறியீட்டெண் முறை: ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண் கொடுத்து, ஓடிய நேரத்தை அதனால் பெருக்கி, குறைந்த விடை பெற்றவரை வென்றவராக அறிவிப்பது. விளக்கத்துக்காகச் சாதாரண பலேனோவுக்கு 0.80 என்று வைத்துக்கொண்டால், 60 வினாடியில் முடித்தவரின் கணக்கு 48.00 ஆகும். 58 வினாடியில் முடித்த ஆர்எஸ் காருக்கு 0.82 என்றால் 47.56 வந்து அது வெல்லும், 0.84 என்றால் 48.72 வந்து தோற்கும். வெற்றியே அந்த இரண்டாம் தசம இடத்தில் இருப்பதால், எண்ணை வகுப்பவர் போட்டியாளராக இல்லாதிருப்பது நல்லது.

அமெரிக்க எண்களை அப்படியே எடுத்து இங்கே பொருத்தவும் முடியாது. அவை பெரும்பாலும் தார், கான்கிரீட் தரைகளில் கிடைத்த முடிவுகளிலிருந்து உருவானவை. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் தரையிலோ மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணிலோ தடம் போட்டால், முன்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் டர்போ கார் வளைவிலிருந்து வெளியேறும்போது சக்கரம் வெறுமனே சுழன்று, காகிதத்தில் உள்ள டார்க்கில் ஒரு பகுதி புழுதியாகப் போய்விடும். தவிரவும், கார்கள் ஓட ஓட மேல்மண் விலகித் தரை மாறுவதால், முதலில் ஓடியவருக்கும் கடைசியில் ஓடியவருக்கும் கிடைக்கும் தடம் ஒன்றல்ல. ஒவ்வொரு சுற்றிலும் ஓடும் வரிசையை மாற்றாவிட்டால் எந்தக் குறியீட்டெண்ணும் உதவாது.

இவற்றையெல்லாம் கருதினால், சிறிய ஊர்ப் போட்டிக்கு விற்பனைக்கு வந்த நிலையிலேயே உள்ள கார்கள், திருத்திய கார்கள் என்ற இரு பிரிவுகளும், ஒவ்வொன்றுக்குள்ளும் மண் தரை முடிவுகளைக் கொண்டு ஆண்டுக்கொருமுறை திருத்தப்படும் குறியீட்டெண்ணும் போதுமானவை. அமைப்பாளர்கள் அந்தப் பட்டியலை நுழைவுப் படிவத்தோடு அச்சிட்டுக் கொடுக்கட்டும். கட்டணம் கட்டுவதற்கு முன் கலந்துகொள்பவர்களும் அதைக் கேட்டுப் பெறட்டும்.