மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

நோயுற்ற ஒருவரை நோக்கி, "உம்முடைய நோய்க்குக் காரணம் இன்னதென நீரே மெய்ப்பித்துக் காட்டும், அதன்பின் உதவி செய்வோம்" என்று கூறுவது நீதியாகுமா? வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர் பலர் பல்லாண்டுகள் எதிர்கொண்ட நிலை இதுவே. அறிவியல் இன்னும் உறுதியாகக் கூறாத ஒன்றில் ஐயத்தின் பலன் யாரைச் சேரவேண்டும் என்பதே அவர்களுடைய போராட்டத்தின் மையப் பொருள். அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1. தெளிக்கப்பட்ட நஞ்சு

1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படைகள் தென் வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் களைக்கொல்லிகளைத் தெளித்தன. பகைவர் மறைந்திருந்த அடர்வனத்தின் இலைகளை உதிர்ப்பதும், அவர்களுக்கு உணவாகும் பயிரை அழிப்பதும் இதன் நோக்கம். தெளிக்கப்பட்ட மருந்து 7 கோடி லிட்டருக்கும் அதிகம். அதில் பாதிக்கு மேற்பட்டது 'ஏஜென்ட் ஆரஞ்சு' எனப்பட்டது. மருந்து அடைக்கப்பட்ட பீப்பாய்களின் மேல் தீட்டியிருந்த ஆரஞ்சு நிறப் பட்டையால் இப்பெயர் வந்தது. இரு களைக்கொல்லிகளின் கலவை அது. அவற்றுள் ஒன்றைத் தயாரிக்கும்போதே டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு அதனுள் கலந்துவிட்டது. டையாக்சின் மனித உடலின் கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கும். மண்ணிலும் நீர்நிலைகளின் வண்டலிலும் அதனினும் நீண்டகாலம் தங்கும்.

2. மெய்ப்பிக்க இயலாத வழக்கு

வீடு திரும்பிய வீரர் பலர் புற்றுநோய்க்கும் பிற நோய்களுக்கும் ஆளாயினர். உதவி நாடியபோது, நஞ்சே தங்கள் நோய்க்குக் காரணம் என மெய்ப்பிக்கும்படி அவர்கள் கேட்கப்பட்டனர். எந்த நாளில், எந்தக் காட்டில், எவ்வளவு மருந்து தன்மேல் பட்டது என்பதைச் சாதாரண வீரன் எவ்வாறு அறிவான்? பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் புற்றுநோய் தன் காரணத்தைத் தன்மேல் எழுதிக்கொண்டு வருவதில்லை.

மருந்தைத் தயாரித்த நிறுவனங்கள் மீது 1979இல் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு, 1984இல் 18 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. நிறுவனங்கள் குற்றப் பொறுப்பை ஏற்கவில்லை. 1989இல் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றமொன்று, படைவீரர் நலத்துறையின் விதிகள் அளவுக்கு மீறிக் கடுமையானவை எனத் தீர்த்தது. நோய்க்கும் நஞ்சுக்கும் காரண காரியத் தொடர்பை மெய்ப்பிக்கக் கேட்பது சட்டத்தின் கருத்தன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

3. சுமை இடம் மாறியது

1991ஆம் ஆண்டின் ஏஜென்ட் ஆரஞ்சுச் சட்டம் மெய்ப்பிக்கும் சுமையை நோயாளியின் தோளிலிருந்து பெரும்பாலும் இறக்கிவைத்தது. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையுள்ள காலத்தில் வியட்நாமில் பணியாற்றியவர் எவரும் நஞ்சுக்கு உட்பட்டவர் என்றே கொள்ளப்படுவார். நோய்களைப் பொறுத்தமட்டில், தொடர்பு உண்டு என்பதற்கான நம்பத்தக்க சான்று, இல்லை என்பதற்கான சான்றுக்கு ஈடாக இருந்தாலே போதும். தராசு சமமாக நிற்குமாயின் தீர்ப்பு நோயுற்றவர் பக்கம் சாயும். சான்றுகளைக் காலந்தோறும் ஆய்ந்துரைக்கும் பணி தேசிய அறிவியல் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இதனால் நோய்ப் பட்டியல் வளர்ந்தது. 1996இல் புராஸ்டேட் புற்றுநோயும், 2001இல் இரண்டாம் வகை நீரிழிவும், 2010இல் இதய இரத்தக்குழாய் நோயும் பார்க்கின்சன் நோயும் சேர்க்கப்பட்டன. 2021இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் தைராய்டு சுரப்புக் குறைவும் இடம்பெற்றன. உயர் இரத்த அழுத்தத்துக்குப் போதிய சான்று உண்டென 2018இலேயே அறிவியலார் கூறியிருந்தும், 2022இல் வந்த 'பேக்ட்' சட்டமே அதனைச் சேர்த்தது. நோயாளிக்கு நான்கு ஆண்டுகள் என்பது சிறிய காலமன்று.

இட எல்லையும் இவ்வாறே மெல்ல விரிந்தது. வியட்நாம் மண்ணில் காலூன்றியவருக்கே உரிமை உண்டு என்று நலத்துறை கொண்டமையால், கரைக்கு அப்பால் கப்பல்களில் இருந்த கடற்படையினர் விலக்கப்பட்டனர். கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தவர்கள் அவர்கள். 2019இல் நீதிமன்றத் தீர்ப்பும், அதனைத் தொடர்ந்து வந்த சட்டமும் கரையோரக் கடலில் பணியாற்றியோரையும் ஏற்றுக்கொண்டன. 2022ஆம் ஆண்டுச் சட்டம் தாய்லாந்து, குவாம் முதலிய இடங்களில் குறிப்பிட்ட காலங்களில் பணியாற்றியோரையும் சேர்த்தது. இதற்குள் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

4. எஞ்சி நிற்கும் கேள்வி

அந்த நஞ்சு படைவீரர் மேல் மட்டுமா விழுந்தது? அக்காடுகளிலும் வயல்களிலும் வாழ்ந்த வியட்நாம் மக்கள் 2004இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2005இல் தள்ளுபடியாயிற்று. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்க மறுத்தது. பின்னாளில் தானாங் விமான நிலைய மண்ணைத் தூய்மையாக்க அமெரிக்கா நிதி அளித்தது. எனினும் தன் வீரர்களுக்கு அது வழங்கிய ஐயத்தின் பலன் அம்மக்களுக்கு உரிமையாகக் கிட்டவில்லை. ஒரே நஞ்சு, ஒரே நோய். ஆயினும் மெய்ப்பிக்கும் சுமை ஒருவருக்கு இறக்கப்பட்டது, மற்றவர் தோளில் அப்படியே விடப்பட்டது.

நோயுற்றோர் அருகே அமரும் பணியை ஏற்றுள்ள நாம் இவ்வரலாற்றிலிருந்து கற்கவேண்டியது உண்டு. துன்புறுவோரிடம் முதலில் சான்று கேட்கும் வழக்கம் அரசு அலுவலகங்களில் மட்டும் இருப்பதன்று. நம் சபைகளிலும் உதவி நாடி வருவோரிடம் நாம் முதலாவது கேட்பது எது என்பதை நம்மையே கேட்டுக்கொள்வோமாக.