மர உட்கூரையும் மண்டப ஒலியும்

பழைமையான மண்டபம் ஒன்றைப் புதுப்பிக்க முற்படுவோர் சுவரின் வெடிப்பைக் காண்பர். தூணின் சாய்வைக் காண்பர். கூரையின் ஒழுக்கைக் காண்பர். அங்கே பேசினால் சொல் விளங்குமா என்பதை மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் எண்ணுவர். திறப்பு விழாவன்று மேடைப் பேச்சு பின்வரிசைக்கு வெறும் இரைச்சலாகச் சென்று சேரும்போது, “மரத்தால் உட்கூரை அமைத்தால் சரியாகிவிடும்” என்ற யோசனை எழும். இதில் பாதி உண்மை இருக்கிறது. எஞ்சிய பாதியை அறியாமல் பணம் செலவிட்டால், கட்டடமும் கெடும், ஒலியும் திருந்தாது.

சொல் மங்குவது ஏன்?

ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பேசுபவரின் குரல் நேராகவும் செவிக்கு வரும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியும் வரும். வினாடியின் இருபதில் ஒரு பங்கிற்குள் திரும்பி வரும் ஒலியைச் செவி முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. அதனால் குரல் வலுப்பெறும். அதற்குப் பிந்தியும் ஒலி வலுவாகச் சுழன்றுகொண்டிருந்தால், முன்னெழுத்தின் ஓசை பின்னெழுத்தை மூடிவிடும். ‘கடல்’ எது, ‘கடன்’ எது என்று வேறுபாடு தெரியாது. இந்த நீடிப்பே எதிர்முழக்கம். பேச்சுக்கு அது ஒரு வினாடியளவில் அடங்குவது நல்லது. மேலைநாட்டுப் பெருங்குழு இசைக்கு இரண்டு வினாடி வரை நீள்வது இனிமை.

இதை அளக்க வழி கண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895இல், அங்குள்ள விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்காத காரணத்தை ஆராயும் பணி அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அவர் அளந்தார். அவர் கண்ட விதி எளியது. மண்டபத்தின் கன அளவை 0.16ஆல் பெருக்கி, உள்ளிருக்கும் பொருள்கள் ஒலியை உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் வினாடியில் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் உள்ள மண்டபம் ஒன்றின் கன அளவு 1,600 கன மீட்டர். சுவர், தரை, கூரை ஆகியவற்றின் பரப்பு 880 சதுர மீட்டர். சாந்துப் பூச்சும் கல்தரையும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கே உறிஞ்சுவதாகக் கொண்டால், வெறும் மண்டபத்தில் ஒலி ஏறக்குறைய 10 வினாடி நீடிக்கும். ஆள் ஒன்றுக்கு 0.4 சதுர மீட்டர் என்று கொண்டு நூறு பேரை அமர்த்தினால், அது 4 வினாடிக்குச் சற்றுக் குறையும். 200 சதுர மீட்டர் கூரைக்கு 70 பங்கு உறிஞ்சும் உட்கூரை அமைத்தால், அதே நூறு பேரோடு 1.3 வினாடியாகிவிடும். பேச்சும் பாட்டும் விளங்கும் அளவு இது.

மரம் செய்வது என்ன?

அந்த 70 பங்கை உறிஞ்சுவது மரமன்று என்பதை இங்கே கருத வேண்டும். கனத்த பலகை, கற்சுவரைப் போலவே ஒலியைத் திருப்பி அனுப்பும். பலகைகளுக்கிடையே இடைவெளி விட்டு, பின்னால் துணியும் பாறைப் பஞ்சும் வைத்தால்தான், ஒலி இடைவெளி வழியே நுழைந்து பஞ்சின் இழைகளில் உராய்ந்து அடங்கும். பலகையில் துளையிட்டுப் பின்னால் காற்றிடம் விட்டால், புட்டியின் வாயில் ஊதும்போது உள்ளிருக்கும் காற்று அதிர்வதுபோல் அதிர்ந்து, குறிப்பிட்ட சுருதிகளை மிகுதியாக உறிஞ்சும். மெல்லிய பலகையோ தானே அதிர்ந்து தாழ்ந்த ஓசைகளைத் தின்றுவிடும்.

வீணை மரத்தாலானது, ஆகவே மண்டபமும் மரத்தாலானால் இசைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஒலியியல் அறிஞர் லியோ பெரானெக் இதை மறுத்தார். சபைனின் ஆலோசனையோடு எழுந்து 1900இல் திறக்கப்பட்ட போஸ்டன் சிம்பொனி மண்டபம் உலகின் சிறந்த இசைமண்டபங்களுள் ஒன்று. அதன் சுவரும் உட்கூரையும் பெரும்பகுதி சாந்துப் பூச்சே.

ஸ்நேப் காட்டும் பாடம்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து ஸ்நேப் என்னும் ஊரில், வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆலை ஒன்று பயனற்றுக் கிடந்தது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ஆல்ட்பரோ இசைவிழாவுக்காக அதனை மண்டபமாக்கும் பணியை ஆரப் நிறுவனத்தின் டெரெக் சக்டன் மேற்கொண்டார். பழைய செங்கல் சுவரைப் பூசி மறைக்கவில்லை. கூரையை மரச் சட்டங்களாலும் பலகைகளாலும் புதிதாக அமைத்து, முகட்டில் பழைய ஆலையின் புகைபோக்கி வடிவங்களையும் காத்தனர். இசைக்கு எதிர்முழக்கம் வேண்டும். ஆகவே இம்மரக்கூரை ஒலியைத் திருப்பி அனுப்பும் கூரை.

1967 ஜூனில் திறக்கப்பட்ட அம்மண்டபம் 1969 ஜூனில் விழாவின் முதல் இரவிலேயே தீக்கிரையாயிற்று. அதே வடிவில் மீண்டும் கட்டி 1970இல் திறந்தனர். புதிய மரத்தின் கீழும் அதன் ஒலிச்சிறப்பு நிலைத்தது. சிறப்புக்குக் காரணம் மரத்தின் வயதன்று. வடிவமும் கனமும் அளவுமே என்பது இதனால் தெளிவாகும். மரம் எரியும் பொருள் என்ற எச்சரிக்கையும் அதனோடு சேர்ந்தே கிடைத்தது.

பழைமைக்கு ஊறு நேராமல்

நினைவுச் சின்னங்களைக் காப்பது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு மயங்காமல் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது. எனவே, பழைய சித்திரவேலையுள்ள கூரையை ஆணியடித்து மூடுதல் தகாது. பின்னாளில் கழற்றக்கூடியதாய், சட்டத்தில் தொங்கும் அமைப்பாய், சாளரங்களின் மேல்விளிம்பை மறைக்காததாய் உட்கூரை அமைய வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரமிக்க நாடுகளில் மரம் உப்பும். விளிம்பில் இடைவெளி வேண்டும். கறையான் மருந்தும் தீத்தடுப்புப் பூச்சும் இன்றியமையாதவை. காற்றோட்டத்திற்காக உயர்த்திக் கட்டிய கூரையைத் தாழ்த்தினால் வெப்பம் மிகும் என்பதையும் மறத்தலாகாது.

ஆதலால் மரம் வாங்குமுன் வெறும் மண்டபத்தில் ஒருவர் கைதட்ட, மற்றொருவர் கடைசி வரிசையில் நின்று கேட்க வேண்டும். இன்னொருவர் மேடையிலிருந்து சில சொற்களைப் படிக்க, பின்னிருப்பவர் அவற்றை எழுதிப் பார்க்க வேண்டும். தவறாக எழுதிய சொற்களின் தொகையே, அம்மண்டபத்திற்கு ஒலியை உறிஞ்சும் கூரை தேவையா என்பதை ஓரளவு காட்டிவிடும்.