கடலைக்காட்டு முயல்குட்டி

பவானி – அந்தியூர் சாலையோரம் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடலைக்காட்டில் களை வெட்டும்போது முயல்குட்டி ஒன்று தனியாகக் கிடந்ததாம். தாயைக் காணோமென்று தூக்கிவந்து, வீட்டு வெள்ளை முயல்களோடு கூண்டில் விட்டுப் பசும்பால் புகட்டுகிறார். "பெருசானா ரெண்டும் சேருமா?" என்று கேட்கிறார்.

சேராது. கூண்டு முயல் ஐரோப்பிய வளைமுயலின் வழிவந்தது. அதற்கு 44 குரோமோசோம்கள். பிடரியில் கறுப்புத் திட்டுள்ள நம் காட்டுமுயலுக்கு 48. பேரினமே வேறு.

ஆனால் என் மனம் அந்தக் குட்டி தனியாகக் கிடந்ததிலேயே நிற்கிறது. வளைமுயல் மண்ணுக்குள் குட்டி போடும். குட்டிக்கு மயிர் இருக்காது, கண் திறந்திருக்காது. காட்டுமுயல் வளை தோண்டாது. புல்லை அழுத்திய சிறு பள்ளம்தான் அதற்கு வீடு. அதனால் குட்டி பிறக்கும்போதே உடம்பு நிறைய மயிர், திறந்த கண். பகலெல்லாம் அசையாமல் மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். தாய் வேண்டுமென்றே விலகி இருக்கும். பக்கத்தில் இருந்தால் அதன் வாடையே நரியையும் கீரியையும் கூட்டிவந்துவிடும். ஐரோப்பியக் காட்டுமுயலைக் கவனித்தவர்கள், தாய் பொழுது சாய்ந்தபின் ஒருமுறை வந்து சில நிமிடங்களே பால் கொடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாலின் கொழுப்பு பசும்பாலைப்போலப் பல மடங்கு. அதனால்தான் ஒரு வேளை போதும். வேப்பமரத்துத் தூளியில் என்னைப் போட்டுவிட்டு அம்மா காட்டுவேலைக்குப் போனதாகச் சொல்வார்கள். அழுதால் ஓடிவர அவர் எட்டும் தூரத்தில் இருந்தார். தனியாகப் பதுங்கிக் கிடக்கும் முயல்குட்டியோ சத்தம் போடாது.

ஆகவே அது அநாதை இல்லை. நல்லெண்ணத்தோடு தூக்கினாலும் அது தாயிடமிருந்து பிரிப்பதுதான். கிளுவை வேலிகளைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டோம். மேய்ச்சல் காடுகளை மனையாக்கினோம். காட்டுமுயல் ஒதுங்க மிச்சமிருப்பது கடலைக்காடும் சோளக்காடும்தான். அங்கேயும் ராத்திரி பேட்டரி லைட்டும் நாயுமாக வேட்டைக்கு வருகிறார்கள். பொங்கலையொட்டி முயல் வேட்டையைச் சடங்காகவே நடத்தும் ஊர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமுயலை வேட்டையாடுவதும் குற்றம், வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

அன்றைக்கே என்றால், இருட்டுமுன் எடுத்த இடத்திலேயே விட்டிருக்கலாம். மனிதக் கை பட்டதற்காகத் தாய் குட்டியை ஒதுக்காது. இப்போது நாளாகிவிட்டது. வாசகர் குட்டியை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, அந்தியூர் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடட்டும். அடுத்த களையெடுப்பில் இன்னொன்று கண்ணில் பட்டால், அந்த இடத்தைச் சுற்றி நாலு செடி அகலத்துக்குக் களையை விட்டுவைத்து வெட்டச் சொல்லுங்கள்.