இணைமருந்துச் சிகிச்சை: கூட்டலும் கழித்தலும்

ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்தாற் பயன் கூடும் என்பது எளிதில் நம்பத்தக்க கருத்து. அப்பயன் நோயாளிக்கு எத்துணைத் துன்பத்தோடு கிட்டுகின்றது என வினவுமிடத்தே சிக்கல் தொடங்குகின்றது. கருப்பை உட்சவ்வில் தோன்றி முற்றிய புற்றுநோயின் சிகிச்சை வரலாற்றை இந்நோக்கில் நாம் ஆராயலாம்.

இந்நோய்க்கு டொக்சோருபிசினும் சிஸ்பிளாற்றினும் இணைத்து வழங்கப்பட்டுவந்தன. இவற்றோடு பக்லிற்றக்செல்லையும் சேர்த்துப் பரிசோதித்த ஐக்கிய அமெரிக்கப் பெண்நோயியற் புற்றுநோய்க் குழு, 2004இல் முடிவை வெளியிட்டது. 273 பெண்கள் எழுமாறாக இரு பிரிவினராக்கப்பட்டனர். இருமருந்துப் பிரிவில் நூற்றுக்கு 34 பேருக்கும் மும்மருந்துப் பிரிவில் 57 பேருக்கும் கட்டி சுருங்கியது. பாதிப்பேர் உயிர்வாழ்ந்த காலமாகிய இடையம் 12.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாயிற்று. வெற்றிதான், ஆயின் நரம்புப் பாதிப்பும் மிகுந்தது. கிடைத்த மூன்று மாதங்களைக் கைகால் விறைப்போடு கழித்தோர் பலர்.

எனவே அடுத்த பரிசோதனை வினாவையே மாற்றிற்று. வலிமை மிக்கது எது என்றன்றி, பயனிற் குறையாது துன்பத்திற் குறைந்தது எது என்று கேட்டது. 2003 முதல் 2009 வரை 1,381 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு சாரார் பெற்ற மும்மருந்துக்கு இரண்டு நாட்களும், வெண்குருதிக் கலங்களைப் பெருக்கும் ஊசியும் தேவைப்பட்டன. மறுசாராருக்குக் காபோபிளாற்றினும் பக்லிற்றக்செல்லும் ஒரே நாளில் ஏற்றப்பட்டன. இடையம் முறையே 41, 37 மாதங்கள். இவற்றை மாத்திரம் காண்போர் இருமருந்து தோற்றதென்பர். அஃது அவசர முடிவு. இடையம் ஒரு புள்ளியையே காட்டும்; காலம் முழுவதையும் கணக்கிற்கொண்டபோது இரு சாராரின் இறப்பு இடர் விகிதம் 1.002, அதாவது ஏறத்தாழச் சமம். (இதில் அளக்கத்தக்க கட்டி எஞ்சியிராதோரும் இடம்பெற்றமையின், முன்னைய 15 மாதத்தோடு இவ்வெண்களை ஒப்பிடல் தகாது.) நரம்புப் பாதிப்பு இருமருந்திற் குறைவு. 2012இல் அறிவிக்கப்பட்ட இம்முடிவின் முழுக் கட்டுரை 2020இலேயே வெளிவந்தது. அதற்குள் இருமருந்து வழமையாகிவிட்டது.

2023இல் மீண்டும் கூட்டல் நிகழ்ந்தது. நோயெதிர்ப்புக் கலங்களின் தடையை நீக்கும் பெம்புறோலிசுமாப் இவ்விருமருந்தோடு சேர்க்கப்பட்டது. மரபுப்பொருட் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் குன்றிய கட்டிகளை உடையோரில், ஓராண்டில் நோய் பெருகாதிருந்தோர் நூற்றுக்கு 38இலிருந்து 74 ஆயினர். மறுக்கவியலாத பயன் இது. ஆயினும் இருமருந்துகள் காப்புரிமை நீங்கியவை. புதியதோ பெரும்பாலான நாடுகளில் இன்னும் காப்புரிமைக்குட்பட்டது. பரிசோதனையில் அது ஏறத்தாழ ஈராண்டு வரை வழங்கப்பட்டது. ஓராண்டு போதாதா என்னும் கழித்தல் வினாவையும் எவரேனும் பரிசோதித்தல் வேண்டும். மருந்தை விற்போர் அதனை முன்வந்து கேட்பர் என நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.