துப்பாக்கி உரிமத்துக்கும் எல்லை உண்டு

காஞ்சிபுரத்தில் எடுத்த ஓட்டுநர் உரிமம் காஷ்மீர் வரை செல்லும். துப்பாக்கி உரிமம் அப்படியல்ல. அது எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளில் சம்பள நாளன்று ஏ.டி.எம். வாசலில் வரிசை நீளும். பணம் கொண்டுவரும் வேனிலிருந்து துப்பாக்கியோடு இறங்குகிறார் ஒரு கன்மேன். பண வேன் ஒவ்வொன்றிலும் ஆயுதம் தாங்கிய காவலர் இருவர் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள்.

இந்த வேலைக்கு வெளிமாநிலத்தவர் பலர் சொந்தத் துப்பாக்கியோடு வருகிறார்கள். 2016 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம்தான்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டமே வேறு. பென்சில்வேனியாவில் மறைத்து எடுத்துச் செல்லப் பெற்ற அனுமதியை அடுத்துள்ள நியூயார்க் ஏற்பதில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒன்றே நாடு முழுமைக்கும். மாறுவது, உரிமம் செல்லுபடியாகும் பகுதி. நாடாளுமன்ற உறுப்பினர்கள், ராணுவத்தினர், அகில இந்தியப் பணி அதிகாரிகள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் போன்றோருக்கு நாடு முழுவதும் செல்லும் உரிமம் கிடைக்க வழியுண்டு. மற்றவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிமம் பெற்றவர் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓசூர் வரை துப்பாக்கியோடு போகலாம். எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைத் தொட்டால் உரிம நிபந்தனையை மீறியவராகிறார்.

சொந்த ஊரை விட்டு 30 நாட்களுக்கு மேல் வேறிடத்தில் தங்கினால், உரிமம் கொடுத்த அதிகாரிக்கும் புதிய ஊரின் அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கும் கன்மேனுக்கு யாராவது இதைச் சொல்லியிருப்பார்களா? ஷிப்டு மாறும்போது துப்பாக்கியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அதை ஏந்தலாம்.

கேரளத்தில் 2021 செப்டம்பரில் நடந்தது ஓர் எச்சரிக்கை. ஏ.டி.எம்.களில் பணம் நிரப்பும் நிறுவனத்துக்காகத் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த காஷ்மீர் இளைஞர்கள் ஐவர், போலி உரிமத்தோடு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைதானார்கள். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை விதிமீறி லட்சக்கணக்கில் உரிமங்கள் வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. ஏற்கெனவே விசாரித்து வந்தது. அப்படிப்பட்ட காகிதத்தை நம்பிப் பிழைக்க வரும் ஏழைத் தொழிலாளிதான் முதலில் சிறைக்குப் போகிறார். தகுந்த உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு ஆண்டு தண்டனை.

இதைத் தடுப்பது கடினமான வேலையல்ல. ஒவ்வோர் உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் உண்டு. அந்த எண், செல்லுபடியாகும் பகுதி, காலாவதித் தேதி, புதிய முகவரியைத் தெரிவித்த கடிதம் ஆகிய நான்கையும் வேலைக்கு எடுக்கும் நிறுவனமே பார்க்க வேண்டும், அந்தக் கன்மேனை வேனில் ஏற்றுவதற்கு முன்பே.