கண் மூடினாற் செவி திறக்கும்

ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இசைத்தட்டுக் கேட்பதற்கென்றே தம் இல்லத்தில் ஓர் அறை அமைத்துள்ளார். சென்ற மாதம் அங்குச் சென்றிருந்தேன். ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் புதிய வயர் வாங்கியிருந்தார். அதன் விலை என் இரண்டு மாதச் சம்பளம். பழைய வயரில் நாதசுர இசைத்தட்டொன்றைக் கேட்டோம். வயரை மாற்றியபின் அதனையே மீண்டுங் கேட்டோம். "இப்பொழுது சீவாளியின் அதிர்வுங்கூடத் தெரிகின்றது" என்றேன். நண்பரும் ஆமெனத் தலையசைத்தார். அவ்வேளை அங்கு வந்த அவர் பேரன், "அப்பப்பா, புது வயர் மேசையிலையெல்லோ கிடக்கு" என்றான். கழற்றிய வயரையே நண்பர் மறதியாய் மீண்டும் பூட்டியிருந்தார்!

லகர ளகர ழகர வேறுபாட்டை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்துவரும் எனது செவி எங்ஙனம் ஏமாந்தது? இவ்வினா என்னை உறங்கவிடவில்லை. ஆராய்ந்தபொழுது, இம்மயக்கம் ஒலிப்பதிவுக் கலையோடு உடன்வளர்ந்தது என்றறிந்தேன்.

1915ஆம் ஆண்டு தொடக்கம் எடிசன் நிறுவனத்தார் அமெரிக்க நகரங்களில் ஒரு சோதனைக் காட்சி நடத்தினர். மேடையிற் பாடகி ஒருவர் நிற்பார். அருகே இசைப்பெட்டி இருக்கும். விளக்கணைந்ததும், பாடுவது பெண்ணோ பெட்டியோ எனச் சபையோர் மயங்குவர். அப்பாடகியருள் ஒருவரான அன்னா கேஸ், பெட்டியின் ஒலிக்கிசையத் தம் குரலை அமைத்துப் பாடியதாகப் பின்னாளிற் கூறினார்.

ஒலியியல் அறிஞர்களான புளொயிட் டூல், ஷோன் ஒலிவ் இருவரும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 40 பேர் நான்கு ஒலிபெருக்கிகளைத் திரைமறைவிலும் கண்ணெதிரிலும் கேட்டு மதிப்பிட்டனர். கண்ணெதிரே வைத்தபொழுது, விலை மலிந்த சிறு பெட்டியின் மதிப்புத் தாழ்ந்தது. அதனினும் வியப்பொன்று உண்டு. பெட்டி இருக்கும் இடத்தால் விளையும் மெய்யான வேறுபாட்டைத் திரைமறைவில் உணர்ந்த செவிகள், பெட்டியைக் கண்டதும் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கண்ணானது பொய்யைக் கூட்டுவதோடு அமையாது மெய்யையும் மறைக்கின்றது.

இன்னுமொரு மயக்கம் ஒலியளவினால் வருவது. இரண்டனுள் ஒன்று அரை டெசிபல் உரத்து ஒலிப்பின், அது உரத்ததென்று தோன்றாது, தெளிந்ததென்றே தோன்றும். ஆதலின் முதலில் மானி கொண்டு இரண்டையும் சமமாக்குதல் வேண்டும். பின்பு எது ஒலிக்கின்றதென மறைத்து, 16 தடவை வினவுதல் வேண்டும். 12 தடவையேனும் சரியாய்ச் சொன்னாலன்றி வேறுபாடு கேட்டதெனக் கொள்ளலாகாது. குருட்டு வாய்ப்பால் அவ்வளவு சரிவருதல் நூற்றில் நான்குக்கும் குறைவே.

நண்பர் வீட்டில் இதனைச் செய்தோம். பேரன் நாணயஞ் சுண்டி வயரை மாற்ற, நாங்கள் கண்கட்டி இருந்தோம். 16இல் யான் 7, நண்பர் 9. அவர் நெடுநேரம் பேசவில்லை. கொடுத்த விலை பெரிதன்றோ?

ஆயின் வேறுபாடே இல்லையோ எனின், உண்டு. ஒலிபெருக்கிகள் தம்முள் நன்கு வேறுபடும். அறையும் ஒலியை மாற்றும். சுவர் மூலை தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கும் இயல்பினது. மூலையிலிருந்த பெட்டிகளை இரண்டு முழம் முன்னே இழுத்தோம். தவிலின் தொப்பி முழக்கம் அடங்கி, நாதசுரம் தெளிவுற்றது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வீடு திரும்பியதும் மாணவரின் கட்டுரைத் தாள்கள் காத்திருந்தன. கெட்டிக்காரன் பெயரைக் கண்டதும் அவன் நடையிற் சீவாளியின் அதிர்வைக் கேட்டு, எத்தனை புள்ளி வாரி வழங்கியிருப்பேன்! பின்வாங்கில் இருப்பவனுக்கு எத்தனை குறைத்திருப்பேன்! இப்பொழுது பெயரெழுதிய மேற்புறத்தை மடித்துவிட்டே திருத்துகின்றேன்.